கோள் ஆய்வுத் திட்டத்துக்குத் தலைமை விஞ்ஞானி ஆக என்ன வழி? நிலவியல் படித்தவர் போக முடியுமா?

பசால்ட்24:

வணக்கம். எம்.எஸ்சி. நிலவியல் இறுதியாண்டு. கோளறிவியலில் பிஎச்.டி. போவது என்று முடிவு செய்திருக்கிறேன். பென்னு, சைக்கி சிறுகோள்கள், சனியின் நிலவு டைட்டன் என்று நாசாவின் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் "பி.ஐ." (முதன்மை ஆய்வாளர்) என்று ஒரு விஞ்ஞானியின் பெயர் முன்னால் நிற்கிறது. நம் சந்திரயான் செய்திகளில் திட்ட இயக்குநர் பெயர்தான் வருகிறது. இரண்டும் ஒரே பொறுப்பா? பாறை படித்தவர் அந்த இடத்துக்குப் போக முடியுமா? எத்தனை வருட வேலை, நடுவில் எங்கே இடறுகிறார்கள்? நடைமுறை தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

சுற்றுப்பாதை:

இரண்டும் வேறு வேறு பொறுப்புகள். முதலில் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்.

நாசாவிலேயே இரண்டு வகைத் திட்டங்கள் உண்டு. காசினி, யூரோப்பா கிளிப்பர் போன்ற பெருந்திட்டங்களை நாசாவே தீர்மானித்து ஒரு மையத்திடம் ஒப்படைக்கும். அங்கே திட்ட விஞ்ஞானி என்று ஒருவர் இருப்பார். ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி பி.ஐ. இருப்பார். டிஸ்கவரி, நியூ ஃபிரான்டியர்ஸ் வரிசைகள் வேறு ரகம். அங்கே போட்டி வைத்து, முழுத் திட்டத்தையும் ஒரே விஞ்ஞானியின் பெயரில் கொடுக்கிறார்கள். அறிவியல், செலவு, கால அட்டவணை மூன்றுக்கும் நாசாவிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நீங்கள் சொல்லும் பி.ஐ. இவர். தினசரி வேலையை ஓட்டுவது திட்ட மேலாளர். அவர் பெரும்பாலும் ஜே.பி.எல்., கோடார்ட், ஏ.பி.எல். போன்ற ஒரு மையத்தைச் சேர்ந்த பொறியாளர்.

இஸ்ரோவில் திட்ட இயக்குநர் என்பவர் கலத்தைக் கட்டி, சோதித்து, குறித்த நாளில் ஒப்படைக்கும் பொறுப்பில் இருப்பவர். சந்திரயான்-1க்கு மயில்சாமி அண்ணாதுரை, 2க்கு வனிதா, 3க்கு வீரமுத்துவேல். மூவரும் பொறியியல் வழி வந்தவர்கள். அறிவியல் தலைமை தனியாக இருக்கும். சந்திரயான்-1க்கு முதன்மை விஞ்ஞானியாக இருந்தவர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் (பி.ஆர்.எல்.) ஜே.என். கோஸ்வாமி. சிறுகோளுக்குப் போன ஜப்பானின் ஹயபுசா-2விலும் இதே அமைப்புதான்: திட்ட மேலாளர் பொறியாளர், திட்ட விஞ்ஞானி தனி ஆள்.

ஆகவே நிலவியல் படித்தவர் இந்தியாவில் குறி வைக்க வேண்டியது ஒரு கருவியின் பி.ஐ. பொறுப்பை. முழுக் கலத்துக்கும் விஞ்ஞானி தலைமை ஏற்கும் வழி நாசாவின் போட்டித் திட்டங்களில்தான் இருக்கிறது.

அளவுகோல்:

மேலே சொன்னது சரி. அந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் எத்தனை வருட வேலை என்பது புரியும்.

டிஸ்கவரிக்கு முன்மொழிவு கேட்கும் அழைப்பு கடைசியாக வந்த மூன்று முறை 2010, 2014, 2019. நியூ ஃபிரான்டியர்ஸ் 2003, 2009, 2016. ஐந்தாவது நியூ ஃபிரான்டியர்ஸ் அழைப்பு 2026க்கு முன் வராது என்று 2023இல் நாசா சொன்னது. பணிக்காலம் முழுவதையும் சேர்த்தாலும் ஒருவருக்குக் கிடைப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய வாய்ப்புகள்தான். 2019 டிஸ்கவரிக்குச் செலவு உச்சவரம்பு ராக்கெட் நீங்கலாக 50 கோடி டாலர். 2016 நியூ ஃபிரான்டியர்ஸுக்கு 85 கோடி. அந்த 2016 அழைப்புக்கு 12 முன்மொழிவுகள் வந்தன. 2017 டிசம்பரில் இரண்டைத் தேர்ந்து, விரிவான ஆய்வுக்கு ஆளுக்கு 40 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 2019 ஜூனில் டைட்டனுக்குப் போகும் டிராகன்ஃபிளை வென்றது. மற்ற பதினொரு அணிகளின் வேலையும் அலமாரிக்குப் போனது.

நாசாவின் போட்டிக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு போட்டி உண்டு. பல்கலைக்கழகப் பேராசிரியர் தனியாகக் கலம் கட்ட முடியாது. நிர்வகிக்க ஒரு மையம் வேண்டும், கட்ட ஒரு நிறுவனம் வேண்டும். பென்னுவுக்குப் போன ஒசைரிஸ்-ரெக்ஸில் அறிவியல் அரிசோனா பல்கலைக்கழகம், நிர்வாகம் கோடார்ட், கலம் லாக்ஹீட் மார்ட்டின். முன்மொழிவு எழுதுவதற்கே இவர்கள் தங்கள் கைப்பணத்தைப் போட வேண்டும். அதனால் ஒரே அழைப்புக்குப் பல விஞ்ஞானிகள் கதவைத் தட்டும்போது சிலரைத்தான் ஏற்பார்கள். அங்கே கொண்டுபோக வேண்டியது இரண்டு பக்கக் குறிப்பு: என்ன கேள்வி, பத்தாண்டுத் திட்ட அறிக்கை (அமெரிக்க விஞ்ஞானிகள் பத்தாண்டுக்கு ஒருமுறை எழுதும் முன்னுரிமைப் பட்டியல்) அந்தக் கேள்வியைக் கேட்கிறதா, எந்த ஓர் அளவீடு அதைத் தீர்க்கும், அங்கே போய்ச் சேரப் பாதை இருக்கிறதா.

முன்மொழிவின் முதுகெலும்பு ஓர் அட்டவணை. அறிவியல் தடமறி அட்டவணை என்று சொல்லலாம். அந்த வட்டாரத்தில் எஸ்.டி.எம். என்பார்கள். ஒரு வரியை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சைக்கி சிறுகோளை எடுத்துக்கொள்வோம்.

இலக்கு: இது ஒரு கோளின் உலோகக் கருவாக இருந்ததா? தேவையான அளவு: மேற்பரப்பில் நிக்கல் எத்தனை விழுக்காடு. (இரும்பு விண்கற்களில் பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கு மேல் நிக்கல் இருக்கும்; அதுதான் ஒப்பிடும் கோடு.) கருவி: காமாக்கதிர், நியூட்ரான் நிறமாலைமானி. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தரையை இடிக்கும்போது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் காமா உமிழும், அதை எண்ணுகிறோம்.

இனிமேல்தான் அட்டவணை கடிக்கும். அந்தக் காமா மிகச் சொற்பம், ஆகவே சிறுகோளின் ஆரத்தைவிடக் குறைந்த உயரத்தில் பறக்க வேண்டும். சைக்கியின் ஆரம் சுமார் 110 கி.மீ. அவ்வளவு தாழப் போக ஈர்ப்புப் புலம் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதனால் முதலில் உயரமான சுற்றுகளில் ஈர்ப்பை அளந்துவிட்டுத்தான் இறங்க முடியும். எண்ணிக்கை போதுமான அளவு சேர வாரக்கணக்கில் அங்கேயே நிற்க வேண்டும். ஜெர்மானியம் உணரியைக் குளிரூட்டியால் உறைகுளிரில் வைக்க வேண்டும். அதற்கு மின்சக்தி வேண்டும். காஸ்மிக் கதிர் கலத்தின் உடலையும் இடித்துக் காமா கிளப்புவதால் கருவியை இரண்டு மீட்டர் நீளக் கோலின் முனையில் வைத்தார்கள். நிக்கல் என்ற ஒரு சொல்லிலிருந்து சுற்றுப்பாதை, மின்சக்தி, கோல், பயணக் காலம் எல்லாம் வந்து விழுந்ததைக் கவனியுங்கள். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி தொங்கலாக இருந்தாலும் மதிப்பீட்டுக் குழு அதைத்தான் பிடிக்கும்.

மதிப்பெண் பிரிவினை: அறிவியல் தகுதி 40 விழுக்காடு, அறிவியலைச் செய்துகாட்டும் முறை 30, தொழில்நுட்பம்-நிர்வாகம்-செலவு 30. மூன்றாவதைத் தனிக் குழு பார்த்து, ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம் என்று முத்திரை குத்தும். அங்கே அடிக்கடி அடிபடுவது "இந்தக் கருவி ஏற்கெனவே பறந்தது" என்ற வாதம். பறந்த கருவியின் ஒரு சிப் இப்போது தயாரிப்பில் இல்லை என்றால் மின்பலகை புதிது. பலகை புதிது என்றால் கதிர்வீச்சுச் சோதனை புதிது. பிறகு "பறந்தது" என்ற பேச்சே செல்லாது. எடை மிச்சம் போதாமை, ஒரே ஆளை மூன்று வேலைக்குக் காட்டுவது, ரிசர்வ் பணத்தை முன்கூட்டியே செலவில் சேர்த்துவிடுவது ஆகியவை மற்றவை. செலவு ரிசர்வ் குறைந்தது 25 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது அழைப்பிலேயே உள்ள விதி.

தோற்ற பிறகு நாசா விளக்கக் கூட்டம் வைத்து ஒவ்வொரு குறையையும் சொல்லும். அதைப் பயன்படுத்தத் தெரிந்த அணிதான் வென்றிருக்கிறது. ஒசைரிஸ்-ரெக்ஸின் முந்தைய வடிவமான ஒசைரிஸ் 2004இல் டிஸ்கவரிக்குப் போய்த் தோற்றது. அடுத்த முறை முதல் கட்டம் தாண்டி, 2007இல் மறுபடி தோற்றது. பிறகு பெரிய வரம்புள்ள நியூ ஃபிரான்டியர்ஸுக்கு மாற்றி எழுதி 2011 மேயில் வென்றது. பி.ஐ. மைக்கேல் டிரேக் அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார். துணை பி.ஐ.யாக இருந்த டான்டே லாரெட்டா பொறுப்பேற்றார். 2016 செப்டம்பரில் ஏவி, 2023 செப்டம்பர் 24 அன்று யூட்டா பாலைவனத்தில் 121.6 கிராம் மாதிரி இறங்கியது. முதல் முன்மொழிவிலிருந்து கணக்குப் போட்டால் 19 ஆண்டுகள்.

லாரெட்டாவின் படிப்பு விண்கல் வேதியியல். உங்கள் கேள்விக்கு அதுவே பதில்.

வால்மீன்வால்:

அளவுகோல் வெல்லும் வரைக்கும் சொல்லிவிட்டார். வென்ற பிறகுதான் பி.ஐ.யின் உண்மையான வேலை தொடங்குகிறது. அது பெரும்பாலும் எதை விடுவது என்று முடிவெடுக்கும் வேலை. இதைச் சொல்லாமல் யாரும் இந்தத் துறைக்கு ஆள் கூப்பிடக் கூடாது என்பது என் கருத்து.

டான் திட்டத்தைப் பாருங்கள். பி.ஐ. கிறிஸ்டோபர் ரஸ்ஸல், கோள்களின் காந்தப்புல ஆய்வில் பெயர் பெற்றவர். சிறுகோள் பட்டையில் உள்ள வெஸ்டாவுக்கும் சீரஸுக்கும் போகும் அவருடைய கலத்தில் காந்தமானியும் லேசர் உயரமானியும் இருந்தன. செலவு வரம்பைத் தாண்டியபோது இரண்டும் வெட்டப்பட்டன. தன் ஆயுட்கால ஆய்வுக் கருவி இல்லாத கலத்தைத்தான் அவர் பறக்கவிட்டார். அதற்கும் மேலே, 2006 மார்ச் தொடக்கத்தில் நாசா திட்டத்தையே ரத்து செய்து, மேல்முறையீட்டுக்குப் பிறகு அதே மாதக் கடைசியில் திரும்பக் கொடுத்தது. 2007 செப்டம்பரில் ஏவினார்கள். வெட்டிய பிறகும் மிஞ்சிய கேமரா, நிறமாலைமானி, காமா-நியூட்ரான் கருவி, ரேடியோ ஈர்ப்பளவு ஆகியவற்றை வைத்து இரண்டு உலகங்களையும் வரைபடமாக்கியது அந்தக் கலம்.

இதற்காகவே முன்மொழிவில் இரண்டு அளவுகோல் எழுதச் சொல்கிறார்கள்: முழு இலக்கு ஒன்று, இதற்குக் கீழே போனால் திட்டமே வேண்டாம் என்ற அடிமட்டம் ஒன்று. இரண்டுக்கும் இடையில் உள்ளவைதான் வெட்டுப் பட்டியல். பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி எழுதுங்கள். சீக்கிரம் வெட்டினால் பணம் மிஞ்சும். கருவியை முக்கால்வாசி கட்டிய பிறகு வெட்டினால் செலவான பணம் போனது போனதுதான். மிஞ்சுவது கொஞ்சம் எடையும் ஒரு காலி இடமும். நல்ல பி.ஐ. "இன்ன தேதிக்குள் அதிர்வுச் சோதனையில் தேறாவிட்டால் கழற்றிவிடுகிறோம்" என்று கருவிக் குழுவிடம் முதல் நாளே கையெழுத்து வாங்கிவிடுவார்.

கால அட்டவணை வழுக்கும்போது செலவு ஏன் எகிறுகிறது என்பது மாணவர்களுக்குப் புரிவதில்லை. ஆள்பலம்தான் காரணம். கலம் சும்மா நின்றாலும் நூற்றுக்கணக்கானவர்களின் சம்பளம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்சைட் கலம் 2016 மார்ச்சில் செவ்வாய்க்குக் கிளம்ப வேண்டியது. நிலநடுக்கமானியின் வெற்றிடக் கலனில் கசிவு. செவ்வாய்க்கு அடுத்த வாய்ப்பு 26 மாதம் கழித்துத்தான். 2018 மேயில் கிளம்பியது. கூடுதல் செலவு சுமார் 15 கோடி டாலர். அந்தக் கருவியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்க முடியாதா என்றால் முடியாது. அடிமட்ட இலக்கே நிலநடுக்கம்தான்.

சைக்கிக்கு 2022 வாய்ப்பு போனது கலத்தின் உடற்கோளாறால் அல்ல. பறப்பு மென்பொருளும் அதைச் சோதிக்கும் மாதிரி அமைப்பும் தாமதமாக வந்தன. வன்பொருள் தயாராக நின்றது, சோதித்து முடிக்க நாள் இல்லை. 2023 அக்டோபர் 13 அன்று ஏவினார்கள். போய்ச் சேருவது 2026இலிருந்து 2029க்குத் தள்ளிப்போனது. அதற்காக நடந்த விசாரணைக் குழுவின் முடிவால் வேறொரு அணியின் வீனஸ் திட்டமும் தள்ளிப்போனது. மென்பொருள் சோதனை அமைப்பை வெறும் உதவிச் சாமான் என்று நினைத்து அட்டவணையில் தனி வரி கொடுக்காதவர்களுக்கு இது பாடம்.

இன்னொன்று, சின்ன விஷயம், ஆனால் நெஞ்சை உலுக்கும். பென்னு மாதிரிப் பெட்டி இறங்கியபோது முதலில் விரிய வேண்டிய சிறு பாராசூட் சரியாக விரியவில்லை. காரணம் ஒரு சொல். வடிவமைப்புத் தாள்களில் சமிக்ஞை அனுப்பும் பக்கத்தில் "மெயின்" என்றால் பெரிய பாராசூட். வாங்கும் பக்கத்தில் "மெயின்" என்றால் மூடியைக் கழற்றிச் சிறு பாராசூட்டை வெளியே விடும் வெடி. இரண்டு பக்கமும் மெயினோடு மெயினை இணைத்தார்கள். வரிசை மாறி, சிறு பாராசூட்டை அறுத்துவிடும் கட்டளை அது பெட்டிக்குள் இருக்கும்போதே போய்விட்டது. பெரிய பாராசூட் அந்த வேகத்தையும் தாங்கும்படி வலுவாக இருந்ததால் பெட்டி பிழைத்தது. 2004இல் சூரியக் காற்றின் துகள்களைக் கொண்டுவந்த ஜெனிசிஸ் பெட்டி பிழைக்கவில்லை. அங்கே வேகக்குறைவை உணரும் சிறு சுவிட்சுகள் வடிவமைப்புப் படத்திலேயே தலைகீழ். இரண்டு குழுக்கள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் இடைமுக ஆவணம் என்று ஒன்று இருக்கும். அதை இரண்டு குழுவும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியின் பெயரையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பி.ஐ. நிலவியலாளராக இருக்கலாம், "இந்தச் சொல்லுக்கு உங்கள் பக்கம் என்ன பொருள்?" என்று கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

பசால்ட்24:

மிக்க நன்றி. கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது. இரண்டு சந்தேகம். பறக்கத் தொடங்கிய பிறகும் பி.ஐ.க்கு இதே வேலைதானா, அல்லது அப்போதாவது அறிவியலா? இன்னொன்று: நான் எம்.டெக். ஏதாவது செய்துவிட்டுப் போனால் நல்லதா?

வால்மீன்வால்:

முதல் கேள்விக்கு இரண்டு நிகழ்வு சொல்கிறேன். நியூ ஹொரைசன்ஸ் புளூட்டோவை நெருங்க பத்து நாள் இருக்கும்போது, 2015 ஜூலை 4 அன்று, கலம் பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. ஒரே நேரத்தில் தரவைச் சுருக்கவும் புதுக் கட்டளைத் தொகுப்பைப் பதியவும் செய்ததில் கணினி திணறியது. சமிக்ஞை ஒரு பக்கம் போகவே நாலரை மணி நேரம். விட்டுப்போன அவதானிப்புகளைத் துரத்தாமல், ஜூலை 7 அன்று நெருக்கச் சந்திப்புக்கான நிரலைக் குறித்தபடி தொடங்குவது என்று முடிவானது. ஜூலை 14 பத்திரமாகக் கடந்தது.

பென்னுவில் கலம் போய்ப் பார்த்தால் எதிர்பார்த்த மணல்வெளி இல்லை, எங்கும் பாறை. 50 மீட்டர் அகலத் திறந்தவெளியில் இறங்குவதாக வடிவமைத்த கலம் 16 மீட்டர் அகலத்தில் இறங்க வேண்டியதாயிற்று. லேசர் தூரமானியின் துல்லியம் போதவில்லை. படம் எடுத்து, தரை அடையாளங்களை ஒப்பிட்டுத் தானே வழி திருத்தும் முறைக்கு மாறினார்கள். 2020 அக்டோபர் 20 அன்று மாதிரி எடுத்ததும் கற்கள் மாட்டி மூடி திறந்தே நின்றது, துகள் சிந்தியது. கலத்தைச் சுழற்றி மாதிரியின் எடையைக் கணிக்கும் திட்டம் இருந்தது. சுழற்றினால் இன்னும் சிந்தும். எடை பார்ப்பதைக் கைவிட்டு நேரே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். தேவை 60 கிராம். வந்தது அதைப்போல் இரண்டு மடங்கு. எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் மூன்று வருடம் காத்திருக்கச் சம்மதித்தால்தான் அந்த முடிவை எடுக்க முடியும். இது அறிவியலா நிர்வாகமா என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

சித்தம்பூண்டி:

எம்.டெக். கேள்விக்கு நான் சொல்கிறேன். வேண்டாம். இரண்டு வருடத்தை ஒரு கருவியின் அளவுத்திருத்த மேசையில் செலவழியுங்கள். பிஎச்.டி.க்குள்ளேயே அது முடியும்.

பி.ஆர்.எல்.லில் கோளறிவியல் பிஎச்.டி.க்கு நெட், கேட், ஜெஸ்ட் போன்ற தேர்வு வழியாக நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். நிலவியல் மாணவர்களும் போகலாம். சந்திரயான்-3இன் பிரக்யான் உலாவியின் ஆல்பா-எக்ஸ்ரே நிறமாலைமானி அங்கே செய்தது. விக்ரம் தரையிறங்கியின் வெப்ப ஆய்வுக் கோல், பத்து உணரிகளோடு மண்ணுக்குள் இறங்கி வெப்பநிலை அளந்ததே, அது திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகமும் பி.ஆர்.எல்.லும் சேர்ந்து செய்தது. அப்படிப்பட்ட இடத்தில் முதல் நாளிலிருந்தே கருவியின் பக்கத்தில் இருக்கலாம். உங்கள் பாறை அறிவு அங்கே நேரடியாக வேலைக்கு வரும்: கருவி சரியாக அளக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த கலவையுள்ள பாறைத்தூள் வேண்டும். நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டி அனார்த்தோசைட் நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது என்பதால்தான் சந்திரயான் தரையிறக்கச் சோதனைக்கான மண்ணே அந்த வட்டாரப் பாறையிலிருந்து தயாரானது. மாணவர் பயணத்துக்குப் போனால் சும்மா படம் எடுத்துவிட்டு வராமல், மெல்லிய வெட்டு செய்து பிளேஜியோகிளேஸ் கனிமத்தில் கால்சியம் அளவைப் பாருங்கள்.

இந்த வருடமே செய்ய முடிந்தவை: சந்திரயான்-2 தரவு இஸ்ரோவின் பிரதான் தளத்தில் இலவசம், பதிவு செய்தால் போதும். நாசாவின் கோள் தரவுக் களஞ்சியத்துக்குப் பதிவுகூடத் தேவையில்லை. பைத்தான், வரைபடத்துக்கு க்யூஜிஐஎஸ், கோள் படங்களைச் சீராக்க லினக்ஸில் ஓடும் ஐசிஸ் மென்பொருள், இவற்றோடு ஸ்பைஸ் கற்றுக்கொள்ளுங்கள். கலம் எந்த நொடியில் எங்கே இருந்தது, கேமரா எந்தப் பக்கம் பார்த்தது என்பதைச் சொல்லும் கோப்பு முறை அது. நிலவியலாளர்கள் பெரும்பாலும் இதைத் தொடுவதில்லை. தெரிந்தவர் இருந்தால் எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளும். டெக்சஸில் மார்ச் மாதம் நடக்கும் நிலவு-கோள் அறிவியல் மாநாட்டுக்கு இரண்டு பக்கச் சுருக்கம் போதும். ஜனவரி தொடக்கத்தில் கடைசி நாள். அதை ஒரு முறை எழுதிப் பாருங்கள், கேள்வி கூர்மையாகும்.

ஏணிப்படி எப்படி இருக்கும் என்றால், டிராகன்ஃபிளையின் பி.ஐ. எலிசபெத் டர்ட்டில் நல்ல உதாரணம். கலிலியோ, காசினி படக்குழுக்களில் உறுப்பினர். பிறகு யூரோப்பா கிளிப்பரின் கேமராவுக்கு பி.ஐ. பிறகு முழுத் திட்டத்துக்கு. உறுப்பினர், கருவித் தலைமை, திட்டத் தலைமை. நடுப்படியைத் தாண்டிக் குதித்தவர்களும் உண்டு, துணை பி.ஐ.யாக இருப்பதும் அந்தப் படிக்கு ஈடுதான்.

சுற்றுப்பாதை:

அமெரிக்கா போகும் எண்ணம் இருந்தால் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். ஐடார், ஈ.ஏ.ஆர். என்ற அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகள். விண்கலத் தொழில்நுட்ப விவரம் பலவும் இவற்றில் ஒன்றுக்குள் வரும். குடிமக்கள், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள், அடைக்கலம் பெற்றவர்கள் தவிர மற்றவர்களிடம் அந்த விவரத்தைக் காட்டுவதே ஏற்றுமதியாகக் கணக்கு. ஒரே அறையில் சுவரில் தொங்கும் வரைபடம்கூடப் பிரச்சினை ஆகலாம். தரவு ஆய்வுக்கும் பிஎச்.டி.க்கும் இது பெரிதாகத் தடையில்லை. பொதுவில் வெளியான ஆய்வு விதிவிலக்கில் வரும். கருவி கட்டும் வேலையில்தான் கதவு மூடும். ஆகவே இந்தியாவில் கருவி அனுபவம் சேர்த்துக்கொண்டு, அங்கே முதலில் தரவு வழியாக நுழைவது நடக்கக்கூடிய வரிசை. பல்கலைக்கழகத்தின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்திடம் சேருவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள். வழிகாட்டி "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் அது பதில் ஆகாது.

பசால்ட்24:

அளவுகோல் சொன்ன அட்டவணையில் ஒரு வரி நானே எழுதிப் பார்த்தேன். திருத்திக் கொடுங்கள்.

இலக்கு: நிலவின் வெயில் படும் தரையில் ஹைட்ராக்சில் (நீருக்கு நெருங்கிய ஓ.எச்.) பகல் நேரத்தோடு மாறுகிறதா? அளவு: 2.8 மைக்ரோமீட்டர் உறிஞ்சு பட்டையின் ஆழம். கருவி: அகச்சிவப்பு நிறமாலைமானி, 1 முதல் 3 மைக்ரோமீட்டர். சுற்றுப்பாதை: 100 கி.மீ. துருவச் சுற்று. காலம்: மூன்று மாதம்.

அளவுகோல்:

கேள்வி நன்றாக இருக்கிறது. மூன்று இடத்தில் உடைகிறது.

முதலில் 3 மைக்ரோமீட்டரில் நிறுத்தியது. நண்பகலில் நிலவுத் தரை கொதிக்கும் சூட்டில் இருக்கும். 2 மைக்ரோமீட்டரைத் தாண்டினாலே தரையின் சொந்த வெப்ப ஒளி பிரதிபலித்த ஒளியோடு கலந்து, பட்டையை ஆழம் குறைந்ததாகக் காட்டும். காலையில் ஆழம், நண்பகலில் ஆழமில்லை என்று வரும். அது நீரா வெப்பமா என்று சொல்ல முடியாது. சந்திரயான்-1இன் எம்-3 கருவி 3 மைக்ரோமீட்டரில் நின்றதால் இதே தலைவலி இன்றும் விவாதத்தில் இருக்கிறது. சந்திரயான்-2இன் அகச்சிவப்புக் கருவியை 5 மைக்ரோமீட்டர் வரை நீட்டியது இதற்காகத்தான்: அங்கே வெப்பம் மட்டும் தெரியும், அதை அளந்து கழிக்கலாம். ஆனால் 5 வரை போனால் கருவியின் சொந்தச் சூடும் தெரியும். உணரியைக் குளிரூட்டி வைக்க வேண்டும், ஆகவே மின்சக்திக் கட்டத்தில் ஒரு எண் போடுங்கள்.

இரண்டாவது மூன்று மாதம். துருவச் சுற்றின் தளம் விண்மீன்களைப் பார்த்தபடி நிலையாக நிற்கும். சூரியன் நகர்வது நாளுக்கு ஏறத்தாழ ஒரு பாகை. ஒரு நேரத்தில் நீங்கள் பார்ப்பது காலை 10 மணித் தரை என்றால் ஒரு மணி நேரம் மாறவே சுமார் இரண்டு வாரம் ஆகும். பகலின் எல்லா மணியையும் பார்க்க ஆறு மாதம் ஆகும். ஒரே இடத்தை இரண்டாம் முறை சுற்றி வந்து சரிபார்க்க ஒரு வருடம் எழுதுங்கள்.

மூன்றாவதுதான் குழு முதலில் பிடிப்பது. "மாறுகிறதா" என்று கேட்டிருக்கிறீர்கள், எவ்வளவு மாறினால் மாற்றம் என்று சொல்லவில்லை. பட்டையின் ஆழத்தில் எத்தனை விழுக்காடு வேறுபாட்டைக் கருவி உணர வேண்டும்? அந்த எண் இருந்தால்தான் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் வரும். அது வந்தால்தான் லென்ஸின் அளவு, அப்புறம் எடை. எம்-3 வெளியிட்ட பட்டை ஆழங்களை எடுத்து, அட்சரேகை வாரியாக அடுக்கி, அதில் எவ்வளவு சிதறல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அந்தச் சிதறலைவிடச் சின்ன எண்ணை அட்டவணையில் எழுதினால் எப்படி அளப்பீர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.